எங்கள் பாதைக்கு எத்தனை லைன்? வீட்டு இன்டர்நெட்டின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் கேட்டார்: "டீச்சர், மகன் ஏ.எல். படிக்கிறார். வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கப் போறோம். எந்தக் கொம்பனி நல்லம்?" பத்து நிமிடத்தில் முப்பது பதில் வந்து விட்டது. ஒருவர், "நான் எடுத்தது பறக்குது" என்றார். அவருடைய வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி மேட்டில் இருக்கும் இன்னொருவர், "அதே கொம்பனிதான் எங்கட வீட்டிலும், யூடியூப் கூட சுத்துது" என்றார். பிறகு அது ஒரு சண்டையாகவே மாறிவிட்டது.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. நான் வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால், இதன் பின்னால் உள்ள கதையைத் தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: நாட்டில் எத்தனை கொம்பனி இருக்கிறது என்பது உங்கள் வீட்டு வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. உங்கள் வீடு இருக்கும் பாதைக்கு எத்தனை கொம்பனி உண்மையில் வந்து சேர்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

கதையைத் தொலைபேசியில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வாப்பாமாரின் காலத்தில் வீட்டுக்கு ஒரு போன் எடுப்பது என்பது வீடு கட்டுவதை விடக் கஷ்டம். விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருடக் கணக்கில் காத்திருப்பார்கள். எம்.பி.யின் கடிதம் இருந்தால் கொஞ்சம் முன்னுக்கு வரலாம். முழு நாட்டுக்கும் ஒரே ஒரு அரச திணைக்களம். அது தராவிட்டால் கேட்பதற்கு வேறு இடம் இல்லை. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் மூலம் அந்தத் திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் என்ற கூட்டுத்தாபனமாக மாறியது. 1996இல் அது கம்பனியாக்கப்பட்டது. 1997இல் அதன் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இந்த என்.டி.டி.யின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கையடக்கத் தொலைபேசியின் கதை இதற்கு நேர் எதிர். நான் பிறந்த 1989இல்தான் செல்டெல் தொடங்கியது. தென்னாசியாவிலேயே முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவை அது. 1993இல் மொபிடெல், 1995இல் டயலொக், இடையில் பிறகு ஹட்ச் ஆக மாறிய இன்னொரு நிறுவனம், 2009இல் எயார்டெல். ஆக மொத்தம் ஐந்து பேர். வருகிற கோலுக்கும் காசு வெட்டிய காலம் போய், "எங்கட சிம்மை எடுங்க, எங்கட சிம்மை எடுங்க" என்று சந்திக்குச் சந்தி குடை விரித்துக்கொண்டு நின்ற காலம் வந்தது. விலை எவ்வளவு விழுந்தது தெரியுமா? 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவே தலையிட்டு, "இதற்குக் கீழே விற்கக் கூடாது" என்று ஆகக் குறைந்த கட்டணத்தை விதிக்க வேண்டி வந்தது. விலை கூடுகிறதே என்று அல்ல, அளவுக்கு மீறிக் குறைகிறதே என்று!

அப்படிப்பட்ட ஒரு நாள் வீட்டு இன்டர்நெட்டுக்கு இதுவரை வரவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

வீட்டுத் தொலைபேசியிலும் போட்டி கொண்டுவரப் பார்த்தார்கள். 1996இல் சன்டெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அவர்கள் வீட்டுக்கு வீடு கம்பி இழுக்கவில்லை. டெலிகொம் பல தசாப்தங்களாகப் போட்ட செப்புக் கம்பியைப் போல இன்னொன்று போடுவதென்றால் கட்டுப்படியாகாது. ஆகவே அவர்கள் காற்றின் வழியாக வந்தார்கள். முதலில் நகரங்களுக்கும் வியாபார இடங்களுக்கும். பிறகு 2005 அளவில் சி.டி.எம்.ஏ. போன் வந்தது. மேசையில் வைக்கிற, சின்ன அன்டனா உள்ள அந்த போன் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் உம்மும்மா வீட்டில் அதற்குச் சின்னதாக ஒரு லேஸ் துணி கூட தைத்துப் போட்டிருந்தார்கள். அதில் டெலிகொமும் இறங்கியது. மூன்று நிறுவனமும் மோதியதால், 2004இல் சுமார் 10 இலட்சமாக இருந்த நிலையான தொலைபேசிகளின் எண்ணிக்கை 2007இல் 27 இலட்சத்தைத் தாண்டியது. வருடக் கணக்கில் காத்திருந்த போன் ஒரே நாளில் கையில் கிடைத்தது. கொம்பனிகள் வீட்டு வாசல் வரை வந்து மோதினால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

இப்போது இன்டர்நெட்டுக்கு வருவோம்.

இலங்கையில் இதன் விதை பல்கலைக்கழகங்களில் விழுந்தது. 1990 அளவில் 'லேர்ன்' என்ற கல்வி வலையமைப்பின் மூலம் மின்னஞ்சல் தொடங்கியது. பிறகு அது எங்கள் பேராதனை உட்படப் பல்கலைக்கழகங்களை இணைத்தது. 1995இல் லங்கா இன்டர்நெட் என்ற நிறுவனம் வர்த்தக ரீதியாகச் சேவையைத் தொடங்கியது. அது டயல் அப் காலம். அந்தக் கீச்சுச் சத்தம், யாராவது போனைத் தூக்கினால் லைன் அறுந்து போவது எல்லாம் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

இங்கே ஒரு கணக்கு. விளம்பரத்தில் சொல்லும் வேகம் 'பிட்' கணக்கு. நாங்கள் இறக்கும் ஃபைல் 'பைட்' கணக்கு. ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே டயல் அப்பின் ஆகக் கூடிய 56 கே.பி.பி.எஸ். வேகத்தில் 5 எம்.பி. கொண்ட ஒரு பயானை இறக்கப் பன்னிரண்டு நிமிடம் செல்லும். 2000களில் ஏ.டி.எஸ்.எல். வந்தபோது வீட்டுப் பெக்கேஜ் 512 கே.பி.பி.எஸ். அதே பயான் எண்பது செக்கனில் வந்துவிடும். இன்றைய 100 எம்.பி.பி.எஸ். ஃபைபரில் அரைச் செக்கனும் இல்லை.

ஆனால் ஏ.டி.எஸ்.எல். ஓடியது அதே பழைய செப்புக் கம்பியில்தான். செப்பின் குணம், எக்ஸ்சேஞ்சில் இருந்து தூரம் கூடக் கூட சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். டவுனில் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் கடை வைத்திருப்பவருக்குக் கிடைத்த வேகம், நாலைந்து கிலோமீற்றர் தள்ளி மேட்டில் இருப்பவருக்குக் கிடைக்காது. காசு மட்டும் ஒரே காசு. அதைவிட, அந்தக் கம்பி ஒரே ஒருவருடையது. வேறு நிறுவனம் அந்தக் கம்பியில் வந்து உங்களுக்குச் சேவை தர வழி இருக்கவில்லை.

இங்கேதான் என்.டி.டி. மீண்டும் வருகிறது. ஜப்பானிலும் செப்புக் கம்பி முழுவதும் என்.டி.டி.யின் கையில்தான் இருந்தது. ஆனால் அந்த நாட்டு அரசாங்கம், "உன் கம்பியை நியாயமான வாடகைக்கு மற்றவர்களுக்கும் கொடு" என்று சட்டம் போட்டது. 2001இல் சொஃப்ட்பேங்க் நிறுவனம் யாஹூ பி.பி. என்ற பெயரில், என்.டி.டி.யின் அதே கம்பியில், 8 எம்.பி.பி.எஸ். வேகத்தை மிக மலிவாகக் கொண்டு வந்தது. விலை சரிந்தது. என்.டி.டி.யும் வேகத்தைக் கூட்டியது. சில வருடங்களிலேயே ஜப்பான் உலகில் வேகமான, மலிவான இன்டர்நெட் உள்ள நாடுகளில் ஒன்றாக வந்தது. தன் சொந்த நாட்டில் கம்பியைப் பகிர்ந்துகொள்ள வைக்கப்பட்ட அதே நிறுவனம், 2008 வரை இலங்கையில் டெலிகொமின் பெரும் பங்காளியாக இருந்தது. இங்கே அப்படிப் பகிரும் முறை நடைமுறைக்கு வரவில்லை. கம்பியும் செப்பும் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அங்கே ஒரு சட்டம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடலுக்கு அடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுத் தொடர்பில் டெலிகொமுக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிவுக்கு வந்தது. சவூதியிலும் குவைத்திலும் பிள்ளைகளை வைத்திருந்த எங்கள் ஊர்த் தாய்மாருக்கு அதன் பலன் நன்றாகவே தெரியும். ஆனால் இன்டர்நெட்டுக்கு அப்போதும் பெரும்பாலும் ஒரே கடல் கேபிளைத்தான் நம்பியிருந்தோம். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பலின் நங்கூரம் அந்தக் கேபிளை அறுத்தபோது, நாட்டின் இன்டர்நெட் கிட்டத்தட்ட முழுதாகவே விழுந்தது. பிறகு நிலைமை மாறியது. டெலிகொம் புதிய கேபிள்களில் சேர்ந்தது, லங்கா பெல் ஒன்றைக் கொண்டு வந்தது, டயலொக் வங்காள விரிகுடா கேபிளில் முதலிட்டது. 2017 அளவில் மாத்தறையிலும் ஒரு கேபிள் கரையேறியிருந்தது.

முன்னாள் தொலைத்தொடர்புப் பணிப்பாளர் நாயகம் ரொஹான் சமரஜீவ 2004இல் நிறுவிய லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி. குழுவொன்றுடன் சேர்ந்து வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை உருவாக்கியது. (முன்பு சொன்ன 'லேர்ன்' வேறு, இது வேறு.) அன்று அவர்கள் கண்டது, உள்நாட்டுக்குள் நன்றாக ஓடும் இணைப்பு, கடலைத் தாண்டும்போது படுத்துவிடுகிறது என்பது. கடலுக்கு அடியில் பலர் மோதியதால் அந்த முடிச்சு அவிழ்ந்தது. எஞ்சியிருப்பது மெயின் ரோட்டில் இருந்து எங்கள் வீட்டுக் கதவு வரையான கடைசி முடிச்சு.

அந்த முடிச்சை அவிழ்க்க மற்றவர்கள் மீண்டும் காற்றில்தான் வந்தார்கள். டயலொக் 2006இல் வைமெக்ஸ் சேவையையும், 2012 இறுதியில் வீட்டுக்கான 4ஜி சேவையையும் கொண்டு வந்தது. கம்பி வராத எத்தனையோ வீடுகளுக்கு முதன்முதலாக வேகமான இன்டர்நெட் வந்தது இந்த ரவுட்டர் பெட்டிகள் மூலம்தான். டெலிகொமும் 4ஜி தொடங்கியது, பிறகு ஃபைபர் போட்டது. போட்டி இல்லாமல் இது இவ்வளவு விரைவாக நடந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் நாங்கள் இருப்பது கண்டி. ஹந்தானை மலை எங்கள் சிக்னலுக்காக விலகி நிற்காது. அக்குறணையைப் பாருங்கள். பிங்கா ஓயாவின் பள்ளத்தாக்கில், ஏ9 பாதையை ஒட்டி டவுன். இரண்டு பக்கமும் மேடு, மேட்டுக்கு மேல் மேடு. மடவளை, கல்ஹின்ன, கம்பளை, உடுநுவர எல்லாம் இதே கதைதான். டவருக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு குன்று வந்தால், பெட்டியில் ஒரு கோடுதான் எரியும். அதோடு டவரின் வேகம் எல்லோருக்கும் பொது. ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் ஒரு லைனை இருபது கம்பியூட்டருக்குப் பகிர்ந்து, ஒரு பக்கம் திறக்கும் வரை பிளேன் டீ குடித்துவிட்டு வந்த கதைதான் இதுவும். விடிய நாலு மணிக்கு பறக்கும், இரவு எட்டு மணிக்கு நடக்கும்.

வானத்தில் இருந்தே இன்டர்நெட் தருவதாகவும் ஒரு காலம் சொன்னார்கள். 2015இல் கூகுளின் லூன் பலூன் திட்டத்துக்கு அரசாங்கம் உடன்பாடு செய்தது. நாடு முழுவதும் பலூன் மூலம் சிக்னல் என்று பத்திரிகைகள் எழுதின. 2016 பெப்ரவரியில் அந்தப் பலூன் ஒன்று வந்து விழுந்தது எங்கே தெரியுமா? எங்கள் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில்! அது திட்டமிட்ட தரையிறக்கம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எப்படியோ, எங்கள் பக்கத்துக்கு வந்தது பலூன் மட்டும்தான், இன்டர்நெட் வரவில்லை. 2021இல் லூன் திட்டமே மூடப்பட்டது.

இதெல்லாம் வெறும் வசதிப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்படும் வரை. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்ற கிராமத்தில் பிள்ளைகள் பாடம் பெறுவதற்காகக் காட்டு வழியே ஏறிப் பாறை உச்சிக்குப் போனதை உலகச் செய்தி நிறுவனங்கள் படம் பிடித்துப் போட்டன. அது எங்கோ தூரத்தில் என்று நாங்கள் நினைக்கத் தேவையில்லை. என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஸூமில் ஒழுங்காக நின்றவர்கள் பதினைந்து பேருக்கு மேல் இல்லை. நன்றாகப் படிக்கிற ஒரு பிள்ளை தினமும் இடையில் காணாமல் போவார். கோபத்தில் ஒரு நாள் கேட்டேன். "டீச்சர், எங்கட வீட்டில சிக்னல் இல்ல, மாமாட வீட்டு மொட்டை மாடியில நிக்கிறன், மழை வந்தா இறங்கிடுவன்" என்றார். அதற்குப் பிறகு நான் யாருடைய வரவையும் கேட்கவில்லை. டவுனில் ஃபைபர் இருந்த வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பிள்ளைக்கும் பரீட்சைத் தாள் ஒன்றுதான்.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். எங்கள் நாட்டில் கொம்பனிகள் நீண்ட காலம் மோதியது வேகத்தில் அல்ல, ஜி.பி.யில். பகலுக்கு இவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு இவ்வளவு என்று பிரித்துத் தந்தார்கள். நள்ளிரவில் யாரும் பாவிக்காத வேகத்தை "ஃப்ரீ டேட்டா" என்று பெயர் வைத்துத் தந்ததும் ஒரு வியாபார யுக்தி. நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பி, சோறு தின்னுவதற்கு முன் பிள்ளையின் பாட வீடியோவை டவுன்லோடில் போட்ட தாய்மார் எத்தனை பேர்! இரண்டு பேர் மட்டும் பெரிதாக விற்கும் சந்தையில், இரண்டு பேரின் பெக்கேஜும் கடைசியில் ஒன்றுபோலவே ஆகிவிடும். 2021இல் வாடிக்கையாளர்கள், விசேடமாக இளைஞர்கள், சேர்ந்து குரல் கொடுத்த பிறகுதான், ஆணைக்குழு தலையிட்டு, அன்லிமிட்டட் பெக்கேஜ்கள் வந்தன. இதைக் குறித்து வையுங்கள், கேட்டதால் கிடைத்தது.

இன்று நிலைமை என்ன? ஐந்தாக இருந்த கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் 2018இல் ஹட்ச், எதிசலாட் இணைப்போடு நான்காகின. 2024இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்ததோடு மூன்று. மொபிடெல் டெலிகொமின் பிள்ளை. சன்டெல் 2012இலேயே டயலொக்குக்குள் போய்விட்டது. ஆகவே வீட்டு இன்டர்நெட் என்று வந்தால் பிரதானமாக இரண்டு பேர்தான். 2022 செப்டம்பரில் எல்லா நிறுவனங்களின் கட்டணமும் ஒரே நாளில் 20 சதவீதம் கூடியது. அதற்கு டொலர், டீசல் என்று நியாயமான காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஒன்று சேர்ந்தால்தான் முதலிட முடியும் என்று நிறுவனங்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. பத்து வீடு உள்ள மேட்டுக்கு இரண்டு பேர் தனித்தனியாக ஃபைபர் இழுப்பது வீண் செலவுதான். அதனால்தான் ஜப்பான் சொன்ன பாடம் முக்கியம். கம்பி ஒன்று இருக்கலாம், தூண் ஒன்று இருக்கலாம், அதில் ஓடுபவர் ஒருவராக இருக்கத் தேவையில்லை.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க்கும் இலங்கைக்கு வந்துவிட்டது. மலை அதற்குப் பெரிய தடையில்லை, வானம் தெரிந்தால் போதும். ஆனால் அது வந்தபோது சாமான் வாங்க ஒரு இலட்சத்துக்கு மேல், மாதம் பத்தாயிரத்துக்கு மேல் என்று இருந்ததால், மொட்டை மாடியில் நின்ற அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அது வந்த மாதிரி இருக்கவில்லை.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்?

ஒன்று. கொம்பனியின் பெயரைக் கேட்டு லைன் எடுக்காதீர்கள். உங்களுக்கு மிக அருகில், உங்கள் மட்டத்திலேயே இருக்கும் வீட்டில் இரவு எட்டு மணிக்குப் போய் வேகத்தை அளந்து பாருங்கள். அதுதான் உங்கள் வேகம். டவுனில் இருக்கும் மச்சானின் வேகம் அல்ல.

இரண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முன், எத்தனை மாதம் கட்டுப்பட வேண்டும், இடையில் விட்டால் என்ன கட்ட வேண்டும் என்று கேளுங்கள். மாற முடியாத வாடிக்கையாளருக்காக யாரும் போட்டி போட மாட்டார்கள்.

மூன்று. தனியாகப் போய்க் கேட்டால் "பார்க்கிறோம்" என்பார்கள். ஒரு பாதையில் உள்ள நாற்பது வீடும் பெயர், வீட்டு இலக்கம், இப்போதைய வேகம் எழுதி ஒரே கடிதமாக இரண்டு நிறுவனத்துக்கும் கொடுத்தால் அது வேறு கதை. நாற்பது வீடு என்பது அவர்களுக்கு ஒரு சந்தை. பிரதியொன்றை ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். மையத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றாக நிற்கிற ஊர், ஒரு லைனுக்காக ஒன்றாக நிற்க ஏலாதா?

நான் எங்கள் பாதையில் தொடங்கிவிட்டேன். ஒரு பழைய சீ.ஆர். கொப்பியில் இதுவரை பதினேழு வீடு. மூன்று இரவு, எட்டு மணிக்கு, வேகம் எழுதுகிறோம். உங்கள் பாதையில் யாராவது செய்வதென்றால் சொல்லுங்கள், அட்டவணையை எப்படிப் போடுவது என்று காட்டித் தருகிறேன்.

குழுவில் கேள்வி கேட்ட அந்தத் தாய்க்கு நான் அன்று பதில் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்: எந்தக் கொம்பனி நல்லம் என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். எங்கள் பாதைக்கு எத்தனை கொம்பனி வருகிறது என்பதை முதலில் கேளுங்கள். ஒன்று மட்டும் என்றால், இரண்டாவதை வரவழைப்பது எங்கள் எல்லோருடைய வேலை.

பரீட்சை எழுதப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக. ஆமீன்.